ஏழாவது இலை

அந்தக் காலத்தில் காட்டில் எல்லா உயிர்களும் பேசின. பேசத் தெரிந்ததால் அவை கூட்டிச் சட்டமும் போட்டன. அவை கூடுவது வருஷத்துக்கு ஒருமுறை, முதல் மழை நாளில். சட்டம் கொண்டுவருகிறவர் ஓர் ஆலிலைக்கு ஒரு பிரிவாக முள்ளால் கீறி எடுத்து வரவேண்டும். எல்லா இலைகளின் மேலும் அவைத்தலைவரான யானை சேற்றுக்காலை வைத்து அழுத்தினால் அது சட்டம். ஓர் இலை குறைந்தாலும் மொத்தமும் வெறும் சருகுதான்; தொலைந்த இலைக்குப் பதிலாக வேறு இலை கீறவும் கூடாது.

அந்த வருஷம் சட்டம் கொண்டுவந்தவள் சிலம்பாயி என்ற தவிட்டுக்குருவி. அவளுக்கு ஆறு தங்கைகள். காட்டுக்கே பொதுவாக ஒரு கல்வித்துறை வேண்டும் என்பது அவள் சட்டம். போன கோடையில் பக்கத்து மரத்துப் புறாக்குஞ்சு ஒன்று தாயை இழந்தது. பருந்தின் நிழல் எப்படி இருக்கும் என்று அதற்குச் சொல்லித்தர ஆளில்லை. தரையில் நிழல் விழுந்தபோது, "அட, மேகம்!" என்று அதற்குள் போய் நின்றுகொண்டது. அப்போது மூன்று முழம் தள்ளி, தன் பிள்ளைகளுக்கு அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தவள் சிலம்பாயி. அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் இரை இறங்காது.

நரிக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. நரிக்கு எதுதான் பிடித்தது!

"குலவித்தை கல்லாமல் பாகம் படும், படிக்காமலே வந்துடும்னு சொல்லுவாங்க. அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்க சொல்லிக்குடுத்தாப் போதாதா? இதுக்கு ஒரு துறை, அதுக்கு ஒரு அமைச்சரா?"

"சொல்லிக்குடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு?" என்று கேட்டாள் சிலம்பாயி.

"அது அதோட தலையெழுத்து."

ஆறு இலையோடு முடிந்திருந்த சட்டத்துக்கு அன்றைக்குத்தான் அவள் ஏழாவது இலையைக் கீறினாள். 'யார் பெற்ற பிள்ளையானாலும் அதற்கும் இங்கே இடம் உண்டு.'

முதல் மழை வந்தது. ஏழு பேரும் ஆளுக்கோர் இலையைக் கவ்விக்கொண்டு பறந்தார்கள். சிலம்பாயி கடைசியாக வந்தாள். பாதி வழியில் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. கீழே, காரைப் புதரடியில், இறகு முளைக்காத கொண்டைக்குயில் குஞ்சு ஒன்று வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. தாயைக் காணோம்.

கடைசித் தங்கை திரும்பிப் பறந்து வந்தாள். "அக்கா, ஆறு இலையும் வச்சாச்சு. எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்காங்க. சீக்கிரம் வா!"

சிலம்பாயி இலையைப் பார்த்தாள். குஞ்சைப் பார்த்தாள். ஆலங்கட்டிக்குச் சிறகு மட்டும் போதாது என்று இலையைக் குஞ்சின் மேல் போர்த்தி, அதன் மேல் தன் சிறகையும் விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆலங்கட்டி நின்றதும் ஒரு சுழற்காற்று வந்தது. அவள் சிறகை எடுத்ததும் இலையை அடித்துக்கொண்டு போய், ஆயிரம் சருகுகளோடு சருகாகக் கலந்துவிட்டது. குஞ்சுக்கு உயிர் இருந்தது. கதகதப்பாக இருந்தது.

தங்கையைக் குஞ்சுக்குக் காவல் வைத்துவிட்டு, அவள் வெறும் அலகோடு அவைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். நரி வாய்விட்டுச் சிரித்தது. யானை தூக்கிய காலை வெறுந்தரையில் வைத்தது.

"ஆறு இலை மேல கால் வைக்க எனக்கு அதிகாரம் இல்ல தாயி. அந்த இலையை என்னைக்குக் கொண்டாந்தாலும் வைக்கிறேன். அதுவரைக்கும் துறை கிடையாது."

சிலம்பாயி யானையை நிமிர்ந்து பார்த்தாள்.

"துறைதானே கிடையாது? பிள்ளை இருக்கே" என்றாள். தங்கைகளைப் பார்த்து, "வாங்கடி, அதுக்குப் பசிக்கும்" என்றாள்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே திரிகிறார்கள். ஒருத்தியின் குஞ்சுக்கு எல்லாரும் ஊட்டுகிறார்கள். கொண்டைக்குயில் அவர்கள் கூட்டில் முட்டையிட்டுப் போனாலும், பொரிக்கிற குஞ்சை யார் பிள்ளை என்று கேட்பதில்லை. பருந்தின் நிழல் தெரிந்தால் காட்டுக்கே பாடம் நடத்துவதுபோலக் கத்தித் தீர்க்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் தரையில் தத்தித் தத்தி ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் பார்க்கிறார்கள். பூச்சி தேடுவதாக நாம் நினைக்கிறோம். பூச்சியும் தேடுகிறார்கள்தான், பொய் சொல்வானேன். ஆனால் கிடைத்த பூச்சி முதலில் குஞ்சின் வாய்க்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் அடுத்த சருகு.