தரையோடு கிடந்த கோடு

"அந்த அம்மா பொய் சொல்றாங்க, மேடம்," என்றார் சிவநேசன்.

பெனடிக்டா நிமிர்ந்து பார்த்தார். அவர் ஆய்வகத்தின் தலைவர். சிவநேசனைவிட வயதில் சிறியவர். ரத்தத்தில் மருந்தை அளக்கும் வேலையைச் சிவநேசன் அவரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

"எந்த அம்மா, சார்?"

"வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுற மரகதவல்லி. ரத்தத்துல இருந்து பிரிச்செடுத்த பிளாஸ்மாவுல மருந்து துளிகூட இல்ல."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"ஒரு வேளைகூட விட்டதில்லையாம். 'என் வயித்துக்குள்ள போகலேன்னா, என் மாமியாரா தின்னுட்டாங்க'ன்னு என்கிட்டயே கேக்கறாங்க."

பெனடிக்டா சிரித்துவிட்டார். சிவநேசன் சிரிக்கவில்லை.

"இந்த மாதிரி ஆளுங்கள எனக்குத் தெரியும், மேடம். நர்ஸ் முன்னாடி வாயில போடுவாங்க. அவங்க அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா துப்பிடுவாங்க."

"துப்பினதப் பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? அதான் மெஷின் சொல்லுதே."

மாத்திரைக்கு அடங்காத வலிப்பு என்பதால் மரகதவல்லிக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தார்கள். மாத்திரையே சாப்பிடாதவர் என்று முடிவானால் அது நடக்காது. அறிக்கைக்காக டாக்டர் காத்திருந்தார்.

"பூஜ்யம்னு அனுப்பிடட்டுமா?"

"மெஷின்ல கோளாறு இருந்தா?"

"இதுக்கு முன்னாடி போன சாம்பிளும் பின்னாடி போனதும் சரியாத்தான் வந்திருக்கு. இது மட்டும் எப்படித் தப்பும்?"

பெனடிக்டா திரையின் முன் உட்கார்ந்தார். பிளாஸ்மாவில் கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எடையால் அடையாளம் காணும் கருவி அது. மருந்து இருந்தால் கோடு சிகரமாக எழும்ப வேண்டும். அது தரையோடு கிடந்தது.

"அவங்க சாம்பிள்ல நீங்க ஏதாவது போட்டீங்களா, சார்?"

சிவநேசனுக்குச் சுருக்கென்றது. "என்னையா சந்தேகப்படறீங்க?"

"போட்டீங்களா?"

"இன்டர்னல் ஸ்டாண்டர்ட் போட்டேன். அளவு தெரிஞ்ச பொருள். எல்லா சாம்பிள்லயும்தானே போடறோம்? அதோட ஒப்பிட்டுத்தானே மருந்தையே அளக்கிறோம்?"

"நிச்சயமா போட்டீங்க?"

"என் கையால."

"அதக் காட்டுங்க."

சிவநேசன் மருந்தின் கோட்டை மட்டும்தான் திறந்து பார்த்திருந்தார். இப்போது ஸ்டாண்டர்டின் கோட்டைத் திறந்தார்.

அதுவும் தரையோடு கிடந்தது.

"காணோமே, சார்."

"போட்டேன், மேடம்! சத்தியமா போட்டேன்!"

"அந்த அம்மாவும் இப்படித்தானே சொல்றாங்க."

சிவநேசன் எழுந்துபோய் மரகதவல்லியின் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கருவியின் ஊசி இறங்கி உறிஞ்சும் அடிப்பகுதியில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தது. கருவிக்குள் போனது வெறும் காற்றுதான்.

விரலால் சுண்டினார். குமிழி மெல்ல மேலே போனது.

தொலைபேசி அடித்தது. டாக்டர்.

"என்ன சிவநேசன், அந்தம்மா மாத்திரை சாப்பிட்டாங்களா, இல்லையா?"

"இன்னும் அளக்கல, டாக்டர்," என்றார் சிவநேசன்.