மாசிலாமணியின் கிணறு

"சாமி, எனக்குக் காவி கொடுங்க" என்றார் வைரவேல்.

வைரவேல் வேளாண் உதவி அலுவலர். ஆற்றங்கரைக் கிராமங்களைச் சுற்றியே தலை நரைத்தவர். மடத்துச் சாமி அவரைவிட வயதில் சின்னவர். வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"என் பேச்சை ஒருத்தரும் கேக்கல."

நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டாம், நின்றது சுண்டி மண்ணில் மயிர்க்கோடாக வெடிப்பு விழட்டும், பிறகு கட்டினால் போதும் என்று அவரும் தொண்டை வற்றச் சொல்லிவிட்டார். கிணறுகளோ வருஷா வருஷம் இறங்குகின்றன. இந்த நவரைப் பருவத்திலும் இப்படியே இறைத்தால் கதிர் பால் பிடிக்கும்போது வாளிக்குக்கூடத் தண்ணீர் இருக்காது. எல்லோரும் நன்றாகத் தலையாட்டுகிறார்கள். விடிந்து பார்த்தால் வயல் தளும்புகிறது.

"ஊருக்குச் செஞ்சு காட்டற மாதிரி வயல் யாரோடது?"

"கோதண்டபாணியோடது. அவரை மாதிரி உழைப்பாளி இந்தப் பக்கமே கிடையாது."

அந்த உழைப்பாளியும் கோழி கூவுவதற்கு முன்பே மோட்டார் போட்டுவிடுகிறார். கேட்டால், பயிர் வாடுமோ என்று மனசு கேட்கவில்லையாம்.

சாமி கூடையைக் கீழே வைத்தார். "ஊர்லயே பெரிய சோம்பேறி யாரு?"

வைரவேல் யோசிக்கவே இல்லை. "மாசிலாமணி."

சாமி உள்ளே போய் ஒரு காவித் துணியை எடுத்து வந்து கொடுத்தார். "பையில வெச்சுக்குங்க. மாதிரி வயலை மாசிலாமணிகிட்ட மாத்துங்க. அறுத்து முடிச்சதும் இதைக் கட்டிக்கலாம்."

சாமிக்கு வெண்டைக்காய் தெரியும், நெல் தெரியாது என்று நினைத்துக்கொண்டே வைரவேல் போனார்.

மாசிலாமணி வேப்பமரத்தடியில் படுத்தபடியே கேட்டார்.

"அப்ப தினமும் தண்ணி கட்ட வேணாமா சார்?"

"வேணாம்."

மாசிலாமணி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "இதை ஏன் சார் இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

களையெடுப்பை அவர் மனைவி அஞ்சலை பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டுச் சுறுசுறுப்பு முழுவதும் அவள் பங்குக்குப் போயிருந்தது. தண்ணீர் மட்டும் மாசிலாமணி பொறுப்பு. வெடிப்பு விழுந்ததா என்று வரப்பில் படுத்தே பார்ப்பார். விழாவிட்டால் திரும்பவும் தூங்குவார்.

பங்குனியில் கோதண்டபாணியின் கிணறு வற்றியது. கதிர் பால் பிடித்து நின்றது. மனுஷன் வரப்பில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்து அழுதார். மாசிலாமணியின் கிணற்றில் தவளை நீந்திக்கொண்டிருந்தது.

குழாய் போட்டுக்கொள்ளச் சொன்னார் மாசிலாமணி. எழுந்து வந்து மோட்டார் போட மட்டும் தன்னால் ஆகாது என்றார். கோதண்டபாணியே போட்டுக்கொண்டார். பயிர் பிழைத்தது, ஊரே பார்த்தது.

அறுவடைக்குப் பிறகு மடத்துக்குப் போக வைரவேலுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த நடவும் முடிந்துவிட்டது. ஒரு நாள் காவியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியபோது மாசிலாமணியும் வண்டியில் தொற்றிக்கொண்டார்.

"சாமி, அந்தத் துணியை எனக்குக் குடுங்க" என்றார் மாசிலாமணி. "தண்ணி எப்பக் கட்டறதுன்னு பொழுதுக்கும் வந்து எழுப்பறாங்க. இங்கயாவது வந்து தூங்கறேன்."

சாமி துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊர்லயே பெரிய சுறுசுறுப்பு யாரு?"

"கோதண்டபாணி. பட்டும் புத்தி வரல சாமி. இன்னமும் விடியக்காலைல மோட்டார் போடறாரு."

"அவருக்குச் சும்மா இருக்கக் கத்துக்குடுத்துட்டு வாங்க. தரேன்."

மாசிலாமணி துணியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அப்ப இந்த ஜென்மத்துல எனக்குத் தூக்கம் கிடையாது."

வைரவேல் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

"ஏறுங்க, ஏறுங்க. இந்நேரம் மறுபடியும் மோட்டார் போட்டிருப்பாரு."