செவலிக்கு ஒரு சாய்மரம்

ஓடைக்கரை மருதமரத்தில், ஓர் ஆள் உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. அதில் செவலி என்ற காட்டுப்பூனை குடியிருந்தது. செவலிக்கு வயதாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரே தாவல்தான். இப்போது மூன்று தரம் சறுக்கி, நாலாவது தரம்தான் பொந்தை எட்ட முடிந்தது.

மரத்தடி வளையில் இருந்த கூரன் என்ற முள்ளம்பன்றிக்கு இதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. வங்கன் என்ற நரி வேறு அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் செவலி சறுக்கினால், அதன் வாயில்தான் போய் விழ வேண்டும்.

“அக்கா, நீங்க ஏறிப்போக நான் ஒரு வழி பண்ணித் தரேன்!” என்றது கூரன்.

“வழி வேணும்தான் தம்பி. ஆனா அது எப்படி இருக்கணும்னா...”

“நீங்க சும்மா இருங்க! எல்லாம் நான் பார்த்துக்கிறேன்!”

மூன்று நாள் பல் வலிக்க வலிக்க, பக்கத்தில் நின்ற பட்டமரத்தை அடியில் கொறித்தது கூரன். மரம் சாய்ந்தது. அதன் நுனி சரியாகப் பொந்தின் வாசலில் போய்ப் படிந்தது. கால் வழுக்காமலிருக்க அதன்மேல் காய்ந்த புல்லையும் பரப்பியது.

“அகலம் அதிகம், தம்பி” என்றது செவலி.

“அகலமா இருந்தாத்தானே நீங்க விழ மாட்டீங்க!”

செவலி பொந்துக்குள் போய்விட்டது. வயதானால் எதிலும் குறைதான் கண்ணுக்குத் தெரியும் என்று கூரன் நினைத்துக்கொண்டது. எதிரே வந்த முயலிடமும் கீரியிடமும் தன் சாய்மரத்தின் அழகைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

மறுநாள் பிற்பகல் கிழங்கு தோண்டிவிட்டுத் திரும்பினால், சாய்மரத்தின் நடுவில் வங்கன் நின்றது!

“வா மாப்பிள்ளை!” என்று இளித்தது நரி. “இத்தனை வருஷமா அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். நீ மெத்தையே விரிச்சு வெச்சிருக்கே! இந்த மனசு யாருக்கு வரும்?”

பொந்துக்குள் செவலி சீறியது. வெளியேற வேறு வாசல் கிடையாது.

கூரன் தன்னையே கேட்டுக்கொண்டது: ‘இதை யாருக்காகச் செய்தேன்? அக்காவுக்காகவா, என் பெருமைக்காகவா?’

நரி இன்னும் இரண்டு எட்டு வைத்தது.

கூரன் அதுவரை மரம் ஏறியதே இல்லை. திரும்பி நின்று, முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஏறியது. கீழே பார்த்தால் தலை சுற்றியது. கண்களை இறுக மூடிக்கொண்டது.

“ஏய்! கிட்ட வராதே!” என்று கத்திய நரி, அவசரமாகப் பொந்துக்குள் தலையை நுழைத்தது. செவலியின் காதைக் கவ்வியது. செவலியின் நகங்கள் அதன் மூக்கைக் கிழித்தன. காதை விட்டுவிட்டுப் பின்வாங்கிய நரியின் தொடையில் முட்கள் கொத்தாக இறங்கின.

“ஐயோ!” என்று அலறி ஓடையில் குதித்து, நொண்டிக்கொண்டே ஓடியது வங்கன்.

செவலியின் காதில் ரத்தம் வழிந்தது. கூரனால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“என்னால வந்ததுதான் அக்கா எல்லாம். இதை இப்பவே உருட்டி விட்டுடறேன்!”

“உருட்டிட்டா நான் எப்படி இறங்குறது? பறந்தா?”

கூரன் பொந்தின் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. பிறகு, “உங்களுக்கு எப்படி வேணும், சொல்லுங்க” என்றது.

“ஒரு பாதம் பதியற அகலம் போதும். பூனை ஒத்தைக் கோட்டுல நடக்கும். நரிக்கு அதுல நிக்கவே வராது. புல்லை எடுத்து உள்ளே போடு. படுத்தா இடுப்பு குத்துது.”

கூரன் இரண்டு பக்கமும் கொறிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சாணுக்கும் நிறுத்தி, “இது போதுமா அக்கா?” என்று கேட்டது. செவலி ஒவ்வொரு தரமும் கால் வைத்துப் பார்த்துச் சொன்னது.

எவ்வளவு அன்போடு செய்தாலும், முதியவர்களின் தேவையை அவர்களிடமே கேட்டுச் செய்வதுதான் உதவி.