நாரைக் கதைக்கு உம் கொட்டியவர்

“நாரை மனைவி கதைக்கு என்னதான் அர்த்தம்?” என்று கேட்டார் ரியோசென்.

பிக்குணி மியோகி முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“முதலில் அங்கியிலிருக்கும் பனியைத் தட்டுங்கள் ஐயா. பாய் நனைகிறது.”

தட்டினார். ஐம்பதைத் தாண்டிய பிக்கு அவர். தன்னில் பாதி வயதுகூட ஆகாத ஒருத்தியிடம் பாடம் கேட்க இரண்டு மலை தாண்டி வந்தது அவருக்கே கூச்சமாக இருந்தது.

வேறு வழியில்லை. அவருடைய மடத்துக்கு ஆள் வருவது நின்றுபோயிருந்தது. பனி உருகுவதற்குள் நிலைமை மாறாவிட்டால் வேறு பிக்குவைப் பார்த்துக்கொள்வோம் என்று ஊர்த்தலைவர் கிஹேய் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மியோகி கதை சொன்னால் மட்டும் முழங்காலளவு பனியில் நடந்து வந்து கேட்கிறார்களாம்.

“நானும் அதே கதையைத்தான் சொல்கிறேன் தாயே. அர்த்தத்தோடு சொல்கிறேன். ஆசை ஒன்று. வாக்குத் தவறுதல் இரண்டு. நிலையாமை மூன்று. இரண்டாவது வருவதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். காது கேளாத தோமே கிழவர் மட்டும் கடைசிவரை இருக்கிறார்.”

“அவருக்காவது பிடித்திருக்கிறதே.”

“அவருக்குக் கணப்பு பிடித்திருக்கிறது.”

மியோகி சிரித்துவிட்டாள். “எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்.”

“பகலிலா? பகலில் கதை சொன்னால் எலி சிரிக்கும் என்பார்களே.”

அவள் எழுந்துபோய்ப் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். அறை இருண்டது. கதவிடுக்கில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம்.

“எலி ஏமாந்துவிட்டது. சொல்லுங்கள்.”

அந்த மலைப்பக்கத்தில் கதை கேட்பவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் உம் கொட்டுவார்கள். ரியோசென் தன் மடத்தில் அதைத் தடுத்து வைத்திருந்தார். சூத்திரம் ஓதும் இடத்தில் மாடு மாதிரி என்ன சத்தம்?

அம்புபட்ட நாரையை ஏழை ஒருவன் காப்பாற்றினான் என்று தொடங்கினார்.

“உம்.”

பனி கொட்டிய ஓர் இரவில் ஒரு பெண் வந்தாள், அவனுக்கு மனைவியானாள்.

“உம்.”

நான் நெய்யும்போது கதவைத் திறக்காதே என்றாள். நெய்த துணி மேகம் மாதிரி இருந்தது. நெய்யநெய்ய அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

“உம்.”

அவன் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு நாரை தன் இறகைப் பிடுங்கித் தறியில் கோத்துக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்தது. பறந்துபோயிற்று.

“உம்.”

“இதன் அர்த்தம் என்னவென்றால்...”

உம் வரவில்லை.

“அர்த்தம் என்னவென்றால்...”

இருட்டில் கத்தி முள்ளங்கியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏன் உம் கொட்டவில்லை தாயே?”

“கதை முடிந்துவிட்டதே.”

“இது ஒரு முடிவா? வாக்குத் தவறியவனுக்குத் தண்டனை இல்லை. மன்னிப்பும் இல்லை. அவள் போய்விடுகிறாள், இவன் வாசலில் நிற்கிறான். அவ்வளவுதானா?”

“நிற்கட்டுமே.”

“நின்று?”

மியோகி கத்தியைக் கீழே வைத்தாள். “இப்போது நான் சொல்கிறேன். நீங்கள் உம் கொட்டுங்கள்.”

இப்போது நான் சொன்ன கதைதானே என்று நினைத்துக்கொண்டு ரியோசென் அசிரத்தையாகக் கொட்டினார். ஓர் இடத்தில் மறந்தும் போனார். அவள் குரல் நின்றுவிட்டது.

“என்ன ஆயிற்று?”

“அவன் பனியில் நிற்கிறான் ஐயா. நீங்கள் உம் என்றால்தான் வீட்டுக்குப் போவான்.”

“உம், உம்,” என்றார் அவசரமாக. அந்த மனிதனுக்குக் குளிரும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

“தறிச் சத்தம் விடாமல் கேட்டது.”

“உம்.”

“ஒருநாள் அந்தச் சத்தம் தளர்ந்துபோயிற்று.”

“உம்.”

“கதவுக்குப் பின்னால் மெல்ல ஒரு முனகல்.”

“உம்.”

“அவன் கதவருகே போனான்.”

உம் வரவில்லை.

மியோகி காத்திருந்தாள்.

ரியோசென் எப்போது முழங்காலிட்டு நிமிர்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வலது கை இருட்டுக்குள் நீண்டிருந்தது. கதவின் விளிம்பைப் பற்றி இழுப்பதுபோல் விரல்கள் மடங்கியிருந்தன.

“உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமே,” என்றாள் மியோகி.

“தெரியும்.”

“பிறகு ஏன் திறக்கப் போனீர்கள்?”

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பலகைக் கதவைத் திறந்தாள். பனியின் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

“மீதிக் கதை?” என்றார்.

“எலி விழித்துக்கொண்டது ஐயா. மீதியை உங்கள் ஊரில் சொல்லுங்கள்.”

ஊருக்குத் திரும்பிய மறுநாள் மாலை மடத்தில் தோமே கிழவர் இருந்தார். கிழவரைக் கூட்டிப்போக வந்த மருமகளும் அவள் தங்கையும் மடியில் காய்ந்த அவரைக்காயை வைத்து உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்றைக்கு உம் கொட்ட வேண்டும்,” என்றார் ரியோசென்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மடத்திலா சாமி?”

“கொட்டாவிட்டால் நாரை அம்போடு கிடக்கும். உங்கள் இஷ்டம்.”

“ஐயோ பாவம். உம்,” என்றாள் தங்கை.

மருமகளும் கொட்டினாள். சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரி வந்தாள். அவள் பின்னாலேயே இன்னும் நாலு பேர். தறிச் சத்தம் தளர்ந்த இடத்துக்குக் கதை வந்தபோது வாசலில் கிஹேய் வந்து நின்றார். புதிய பிக்கு கிடைத்துவிட்டார் என்று சொல்ல வந்தவர். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். மற்றதைக் கழற்ற மறந்துவிட்டார்.

“நாரை அவனைப் பார்த்தது. பறந்துபோயிற்று.”

“உம்.”

“அவன் வாசலில் நின்றான்.”

ஆசை ஒன்று என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரியோசென் வாயை மூடிக்கொண்டார்.

யாரும் உம் கொட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அவரைக்காய் உரித்த கைகள் அப்படியே நின்றிருந்தன. தோமே கிழவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் வாசல் பக்கம் திரும்பினார்.

கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி, வெகுநேரம் கழித்து, கிஹேய் சொன்னார்:

“உம்.”