எமன் வாகனம் இழுத்த படகு

முன்னொரு காலத்திலே கருவை நாட்டை வாணகோவன் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் எருமை என்ற பேச்சை மட்டும் அவர் காதில் போடக் கூடாது. எமனுடைய வாகனத்தைக் கண்ணால் பார்த்தால் ஆயுள் குறையும் என்று எவனோ ஒரு சோதிடன் சின்ன வயதில் சொல்லிவைத்துவிட்டான். பல்லக்கு வருகிறது என்றால் ஊர்க்காரர்கள் எருமைகளை வைக்கோல் போருக்குப் பின்னால் ஓட்டி மறைக்க வேண்டும், அதுதான் வழக்கம். அந்த எருமைகளின் தயிரை அரசர் தினமும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

கோடையானால் கருவையாறு வற்றி, நடுவே மணல்திட்டு தெரியும். ஏழைபாழைகள் அதில் குடிசை போட்டு வெள்ளரி பயிரிடுவார்கள். ஒரு வருஷம் காலமில்லாத காலத்தில் மலையில் மழை கொட்டியது. விடியும்போது ஆறு கரைதொட்டு ஓடியது. பரிசல்கள் எல்லாம் அடித்துப் போய்விட்டன. திட்டில் இருந்த இருபது முப்பது பேர் கையை ஆட்டிக் கத்தினார்கள்.

மிச்சமிருந்தது ஒரே படகு. அரசர் நிலா பார்க்க ஏறும் உல்லாசப் படகு, அரண்மனைக் குளத்தில் கிடந்தது. குளத்துக்கும் ஆற்றுக்கும் ஒரு கூப்பிடு தூரம்தான். நடுவில் உழுதுபோட்ட வயல், மழையில் ஊறிக் களிச்சேறாகிக் கிடந்தது.

"படகை எதில் கட்டி இழுப்பது?" என்று அரசர் சபையைக் கேட்டார்.

"எருமையில், மகாராஜா" என்றார் மந்திரி விடங்கர். "அதன் குளம்பு விரிந்தது, சேற்றில் புதையாது. தண்ணீரைக் கண்டும் நிற்காது. படகு மிதக்கும் ஆழம்வரை அதுவே கொண்டுபோய் விட்டுவிடும்."

அரசரின் முகம் கறுத்தது.

யானை லாயத்துக்கும் குதிரை லாயத்துக்கும் தலைவர் குஞ்சரமல்லர். எதற்கெடுத்தாலும் அரசர் விடங்கரையே கேட்கிறாரே என்று நெடுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்தவர். இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா? "ராஜா ஏறும் படகுக்கு முன்னால் எமனைப் பூட்டச் சொல்கிறார் மந்திரி! ஆறு குதிரை பூட்டிய பொற்றேர் எதற்கு இருக்கிறது, பிரபு?"

"தேரையே பூட்டுங்கள்" என்றார் அரசர்.

அரசரும் சபையும் வயல் வரப்புக்கு வந்தார்கள். படகைப் பின்னால் கட்டிய தேர் வந்தது. மணி ஒலித்தது, கொடி பறந்தது. வயலில் இறங்கியதும் சக்கரம் அச்சுவரை புதைந்தது. குதிரைகள் நுரை தள்ளியதுதான் மிச்சம். குஞ்சரமல்லர் அசரவில்லை. "பட்டத்து யானை வரட்டும்!" என்றார். யானைக்கு முகபடாம் கட்டி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. அது வந்து, முன்காலால் சேற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்தது. தன் கனத்தை இந்த மண் தாங்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பாகன் கெஞ்சினான், அங்குசத்தால் குத்தினான். யானை அடுத்த காலை எடுத்து வைக்கவே இல்லை. படித்துப் பட்டம் கட்டிய தலைகளைவிட அந்தத் தலைக்குப் புத்தி இருந்தது.

திட்டிலிருந்து கேட்ட சத்தம் இப்போது குறைந்திருந்தது.

வெண்ணி என்ற பால்காரப் பெண் ஓடிவந்து வயல் வரப்பில் விழுந்தாள். "சாமி, எம் புருசனும் மாமனாரும் அங்க நிக்கிறாங்க. வைக்கோல் போருக்குப் பின்னால எங்க எருமை நாலு நிக்குது. நீங்க கண்ணை மூடிக்கிட்டாக்கூடப் போதும், நான் ஓட்டியாந்துருவேன்!"

"பிரபு, உங்கள் ஆயுள்!" என்று குஞ்சரமல்லர் குறுக்கே வந்தார்.

விடங்கர் அரசர் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டார். "மகாராஜா, எமன் இன்று எங்கே போக வேண்டியவன்?"

"திட்டுக்கு" என்றார் அரசர்.

"எதில் ஏறிப் போவான்?"

"எருமையில்."

"அந்த எருமையை நாம் பிடித்துப் படகில் கட்டிவிட்டால் அவன் நடந்துதானே போக வேண்டும்? சேறு, வெள்ளம், எல்லாம் தாண்டி அவன் போய்ச் சேருவதற்குள் நாம் போய்விடலாமே!"

அரசர் பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னார். "எருமையைக் கொண்டு வாருங்கள். நான் கண்ணை மூடப் போவதில்லை."

நாலு எருமைகளும் அவசரமே இல்லாமல் வந்தன. வயிறுவரை சேற்றில் அளைந்தபடி படகை இழுத்துக்கொண்டு நடந்தன. ஆற்றைக் கண்டதும் நேரே உள்ளே இறங்கின. படகு தானாக மிதந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடக்காரர்கள் துடுப்பைப் போட்டார்கள். இரண்டு நடையில் திட்டு காலியாயிற்று.

கரையில் இறங்கியவர்களில் வெண்ணியின் புருஷன் இருந்தான். மாமனார் இல்லை. "இடுப்பளவு தண்ணியில நின்னு, பிள்ளைங்களை மேட்டுல தூக்கி விட்டுக்கிட்டே இருந்தாரு. வயலோரம் யானை நின்னதைப் பார்த்தோம். அப்பத்தான் போயிட்டாரு" என்றான் அவன். வெண்ணி எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குஞ்சரமல்லர் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார். அரசர் விடவில்லை. "இங்கே வாரும். இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லும். நானும் நிற்கிறேன்" என்றார். லாயத் தலைவரின் வெள்ளிப் பிரம்பு அன்றே பறிக்கப்பட்டது. இனிக் கோடைதோறும் ஆற்றங்கரையில் குடிசை போட்டு வெள்ளத்துக்குக் காவல் இருப்பதே அவர் வேலை.

பிறகு அரசர் கேட்டார். "விடங்கரே, வாகனத்தைத்தான் நாம் கட்டிவிட்டோமே. எமன் எப்படிப் போனான்?"

"நாம் தேரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது எருமை சும்மாதான் நின்றது, மகாராஜா. ஏறிப் போய் வந்துவிட்டான்."

அரசர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். விடங்கர் வாங்கவில்லை.

"அப்படியானால் இதையாவது சொல்லும். இனி இந்தப் படகை இழுக்கத் தகுந்த வாகனம் எது?"

"ஒன்றும் வேண்டாம், மகாராஜா. படகை ஆற்றங்கரையிலேயே விட்டுவிடுங்கள்."

அரசர் படகின் பட்டு மெத்தையைத் தானே எடுத்துக் கீழே போட்டார். படகு அங்கேயே நின்றது.