ஆற்றில் மிதந்த ஆச்சாத் தூண்கள்

ஜமீன் காரியக்காரர் தாண்டவராயர் கட்டிய புதுப் பாலம் முதல் வெள்ளத்துக்கே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பழி பாலத்துக் காவல்காரன் வெள்ளையன் மேல் விழுந்தது. அவன் கழுத்தில் கல்லைக் கட்டிக் கரையோரம் நிறுத்திவிட்டார்கள்.

“நூறு வருசம் தண்ணியில நின்னாலும் உளுத்துப்போகாத ஆச்சா மரம் எசமான்! இவன்தான் ஆணியைப் பிடுங்கி வித்துட்டான்” என்றார் தாண்டவராயர்.

ஜமீன்தார் வெள்ளையனைப் பார்த்து உறுமினார். “தூணெல்லாம் எங்கடா? சொல்லலேன்னா ஆத்துக்குள்ளே தள்ளச் சொல்லிடுவேன்.”

வெள்ளையன் தாண்டவராயரைக் கும்பிட்டான். “நான் பயந்து மேட்டுக்கு ஓடிட்டேன் சாமி. நீங்கதான் கரையில நின்னு பார்த்தீங்களாம். எந்தப் பக்கம் போச்சுன்னு சொன்னா ஓடிப்போய்க் கொண்டாந்துடுவேன்.”

“இந்தக் கண்ணால பார்த்தேனே! அத்தனை தூணும் தெப்பம் மாதிரி மிதந்து கிழக்கால போச்சு!”



“ஆச்சாவா சாமி மிதந்துச்சு?” என்றான் வெள்ளையன். “அது என் கழுத்துக் கல்லாட்டம் முழுகுற மரமாச்சே!”

ஜமீன்தார் தாண்டவராயர் பக்கம் மெல்லத் திரும்பினார். “அப்ப நீர் நட்டது என்ன மரம்?”

தாண்டவராயர் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தார்.

“அவன் கழுத்துக் கல்லை அவிழுங்கடா” என்றார் ஜமீன்தார். அதைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.