சனிக்கிழமைக் காற்று

"டீச்சர், எஞ் சம்சாரம் இனிமே சைக்கிளைத் தொடமாட்டேங்கறா. எந்த வண்டி வாங்கிக் குடுத்தா மறுபடியும் ஏறுவான்னு நீங்கதான் சொல்லோணும்."

காரை விட்டு இறங்கியதும் நாச்சிமுத்து கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கோயமுத்தூரில் கிளம்பும்போதே வாய்க்குள் அடக்கி வைத்திருந்த கேள்வி. கோத்தகிரி வளைவு அத்தனையிலும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டார், பாவம் மனுஷன்.

பெனினா டீச்சர் வாசலில் குந்தி, ஒரு சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"டீ குடிக்கறீங்களா?"

டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஒரு காலத்தில் பந்தயங்களில் பறந்தவர். பேச்சில் மட்டும் படுகஞ்சம். கேள்வி கேட்டால் டீ கொடுப்பார், இல்லையென்றால் பாதையைக் காட்டி "போய்ட்டு வாங்க" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அதில் பாதிப் பேர் அடுத்த வாரமே திரும்பி வந்து நின்றதும் உண்டு.

நாச்சிமுத்து வயதில் டீச்சரைவிட மூத்தவர். ஆனால் அந்த வாசலுக்கு வந்துவிட்டால் மாணவன்தான்.

"டீ கெடக்கட்டுங்க டீச்சர். இதைப் பாருங்க மொதல்ல."

போனை நீட்டினார். திரையில் இரண்டு சைக்கிள்கள். இரண்டுமே முன்னும் பின்னும், குலுக்கலை வாங்கிக்கொள்ளும் காற்றடைத்த ஷாக் வைத்த மலை சைக்கிள்கள்.

"இது நூறு மில்லிமீட்டர் அமுங்கும். எடை ரொம்பக் கம்மி, ஒத்தை வெரல்ல தூக்கிரலாம். இது நூத்தியிருவது. கொஞ்சம் கனம், ஆனா பள்ளத்துல மெத்துன்னு எறங்கும். மேட்டுக்கு அது நல்லது, எறக்கத்துக்கு இது நல்லது. ஒரு மாசமா தூக்கமே இல்லீங்க. எதை வாங்கட்டும்?"

டீச்சர் போனைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார்.

காருக்குள் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கட்டிலும் துணிப்பட்டை. காருக்குப் பின்னால் அவளுடைய சைக்கிள் கட்டியிருந்தது. அதுவும் எடை குறைந்த, இரண்டு பக்கமும் ஷாக் வைத்த வண்டிதான். நாச்சிமுத்து ஆசை ஆசையாய் வாங்கிக் கொடுத்தது.

"அவங்க என்ன சொல்றாங்க?"

"கை வலிக்குதுங்கறா. எறக்கத்துல வெரலெல்லாம் மரத்துப் போகுதாம். இனிமே நான் வரலீங்க, நீங்க போய்ட்டு வாங்கன்னுட்டா."

"போனீங்களா?"

"போன ஞாயித்துக்கெழமை போனனுங்க."

நாச்சிமுத்து போனைத் தாழ்த்தினார்.

"ஃபிளாஸ்க்குல வழக்கம்போல ரெண்டு பேருக்கு டீ எடுத்துட்டுப் போயிட்டேன். மேட்டுல உக்காந்து ஒரு டம்ளர் குடிச்சேன். இன்னொண்ணை என்ன பண்றதுன்னே தெரியலீங்க. ஊத்தவும் மனசு வரல. அப்படியே வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

டீச்சர் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், வாரம் பூரா நான் பம்பு கம்பெனி, அவ ஆஸ்பத்திரி லேப். ஞாயித்துக்கெழமை அந்த மேட்டுல உக்காந்துதான் நாங்க ரெண்டு பேரும் மனுசங்களாட்டம் பேசிக்கறது. அதும் போயிருச்சுன்னா..."

திரும்பவும் போனை நீட்டினார். "இந்த நூறுதான் நல்லதுன்னு படுது. இல்லீங்களா?"

"அந்த வண்டியை இறக்குங்க," என்றார் டீச்சர்.

இறக்கினார். பளபளவென்று இருந்தது. சங்கிலியில் ஒரு தூசு இல்லை. டயரில் பழைய சேறுகூட இல்லை.

"யாரு பார்த்துக்கறது?"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. "நான்தானுங்க! அவ கையில ஒரு சொட்டு எண்ணெய் படவுட மாட்டேன். சனிக்கெழமை சாயங்காலம் ஆச்சுன்னா அவ வண்டிக்குத்தான் மொதல்ல தண்ணி. அப்புறம் சங்கிலி, பிரேக்கு. ஷாக்குல காத்துச் சரி பண்றது. எல்லாம் முடிஞ்சாத்தான் என் வண்டி."

"ம்."

டீச்சர் சைக்கிளின் பின் ஷாக்கைத் தடவிப் பார்த்தார். அதன் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்தால் ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் அந்த வளையம் நகர்ந்து, அங்கேயே நின்றுவிடும். டீச்சர் அதை ஆரம்ப இடத்துக்குத் தள்ளி வைத்தார்.

"உக்காருங்க."

"நானுங்களா?"

"ஆமா."

டீச்சர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம். மெதுவாக இறங்கினார். குனிந்து பார்த்தால், வளையம் ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது.

"எப்படி இருக்கு?"

"கச்சிதம்! நான் அடிச்ச காத்துன்னா சும்மாவா? பம்பு கம்பெனிக்காரனுங்க."

டீச்சர் வளையத்தைத் திரும்பத் தள்ளி வைத்தார். காரின் கதவைத் தட்டினார்.

"பூங்கோதை, ஒரு நிமிஷம்."

"நான் வரல டீச்சர். அவருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

"ஓட்ட வேண்டாம். சும்மா உக்காருங்க, போதும்."

பூங்கோதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சின்ன உருவம். கணவனுக்குப் பக்கத்தில் நின்றால் தோள் உயரம்தான். ஏறி உட்கார்ந்தாள், இறங்கினாள்.

டீச்சர் விரலால் வளையத்தைக் காட்டினார்.

நாச்சிமுத்து குனிந்தார். கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்துக்கொண்டு இன்னொரு தரம் குனிந்தார். வளையம் நகக்கண் அளவுதான் நகர்ந்திருந்தது.

"மாட்டிக்கிச்சாட்டம் இருக்குதுங்க."

துண்டை எடுத்துத் தண்டைத் துடைத்தார். வளையத்தைத் தள்ளி வைத்தார். "கோதை, இன்னொருக்கா உக்காரு கண்ணு."

உட்கார்ந்தாள். இறங்கினாள். அதே நகக்கண் அளவு.

"காத்து அடிச்சதும் யாரு உக்காந்து பாப்பாங்க?" டீச்சர் கேட்டார்.

"நான்தானுங்க. அவளுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு, தெருவுல ரெண்டு சுத்து நானே ஓட்டிப் பார்த்து, அமுங்கறது சரியா இருக்குதான்னு..."

அவர் கண் வளையத்துக்குப் போனது.

ஐயோ, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆயுசு முழுக்கக் காற்றையும் தண்ணீரையும் அளந்தவர். தன் கனத்துக்குக் காற்றடித்துத் தன் கனத்தாலேயே சோதித்துப் பார்த்து, சின்ன உருவம் ஒன்றை அதில் ஏற்றி மலையிறக்கத்தில் விட்டிருக்கிறார். அவளுக்கு அது ஷாக்கே இல்லை, இரும்புத் தடி. ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு கல்லும் நேராக அவள் மணிக்கட்டில்தான் வந்து இறங்கியிருக்கிறது.

"ஏன் கோதை எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னனே! கை வலிக்குதுன்னு சொன்னேன். கையுறை வாங்கிட்டு வந்தீங்க. அப்பவும் வலிக்குதுன்னேன். மெத்தையாட்டம் கைப்பிடி வாங்கிப் போட்டீங்க. மறுபடியும் சொன்னேன், ஹேண்டில்பாரையே மாத்திட்டீங்க. இப்ப வண்டியையே மாத்தப் போறேங்கறீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை.

"மலைன்னா இப்படித்தான் குலுக்கும், நமக்குத்தான் தெம்பு பத்தலன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றாள். "நீங்க அத்தனை பாசமா தொடைச்சு வெக்கறீங்க. வண்டியைக் கொறை சொல்ல எப்படிங்க மனசு வரும்?"

நாச்சிமுத்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பட்டைக்கு மேலேயே தடவிக் கொடுத்தார். டீச்சர் இருப்பதுகூட நினைவில்லை. கண்ணாடிக்குள் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அட, விடுங்க. பச்சைப் புள்ளையாட்டம்," என்று அதட்டினாள் பூங்கோதை. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் உள்ளே போய், ஷாக்குக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்பை எடுத்து வந்தார். நாச்சிமுத்து பழக்கத்தில் கையை நீட்டினார். டீச்சரின் கை அவரைத் தாண்டிப் போனது.

பம்பு பூங்கோதையின் கைக்கு வந்தது.

"இந்தப் பொத்தானை அமுக்கினா காத்து இறங்கும்."

"எவ்வளவு டீச்சர்?"

"நீங்க உக்காந்தா விரல் அகலம் நகரணும்."

பூங்கோதை பயந்து பயந்து பொத்தானை அமுக்கினாள். புஸ்ஸென்று சத்தம். உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். திரும்ப உட்கார்ந்தாள். பிறகு முன்சக்கரத்து ஷாக்குக்கும் அதே வேலை. ஆஸ்பத்திரி லேபில் சொட்டுச் சொட்டாக அளப்பவள் அல்லவா, நிதானமாகச் செய்தாள். கை நெடுக எண்ணெய் ஈஷிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதற்குள் நாச்சிமுத்துவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கடைசியில் வளையம் ஒரு விரல் நகர்ந்தது.

டீச்சர் வீட்டுக்குக் கீழே தேயிலைக்கு நடுவில் ஒரு பாதை இறங்குகிறது. கொஞ்ச தூரத்தில் பெரிய மரம் ஒன்று, அதன் வேர்கள் பாதையில் படிபடியாய்க் கிடக்கும். எப்போது வந்தாலும் பூங்கோதை அங்கே பிரேக் பிடித்து, இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போவாள். அந்த இடத்தில் அவளுக்காகக் காத்திருப்பது நாச்சிமுத்துவின் வேலை.

"போய்ட்டு வாங்க," என்றார் டீச்சர்.

பூங்கோதை பாதையைப் பார்த்தாள், பட்டை கட்டிய கையைப் பார்த்தாள். "அந்த மரம் வரைக்கும் போறேன்," என்று ஏறிக்கொண்டாள்.

"இரு கண்ணு, நான் முன்னாடி போய் நிக்கறேன்!"

நாச்சிமுத்து ஓடப்போனார். டீச்சர் காலை நீட்டி, செருப்பு நுனியால் அவர் செருப்பை மிதித்துக்கொண்டார். அவ்வளவுதான். நாச்சிமுத்து நின்றார்.

பூங்கோதை வளைவில் மறைந்தாள்.

நாச்சிமுத்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இப்போது மரம் வந்திருக்கும். பிரேக் கிறீச்சிட வேண்டும்.

கிறீச்சிடவில்லை.

"டீச்சர், விழுந்துட்டாளாட்டம் இருக்குதுங்க!"

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கூச்சலா சிரிப்பா என்று முதலில் பிடிபடவில்லை. சிரிப்புதான். இத்தனை வருஷத்தில் அந்த இறக்கத்தில் அவர் கேட்டேயிராத சிரிப்பு.

கொஞ்ச நேரத்தில் ரோட்டு வழியாக மேலேறி வந்தாள். முகமெல்லாம் சிவந்து, கூந்தல் அவிழ்ந்து, கன்னத்தில் ஒரு கோடு எண்ணெயோடு. நிற்பாள் என்று நாச்சிமுத்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் எங்கே நின்றாள்? வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பவும் பாதைக்கே வண்டியை விட்டாள்.

"ஏனுங்க, எனக்கும் டீ போடச் சொல்லுங்க! இதோ வந்துடறேன்!"

போய்விட்டாள்.

டீச்சர் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு தன் சங்கிலிக்கே திரும்பினார்.

"அந்த ரெண்டு வண்டி," என்றார். "எதை வாங்கறதுன்னு கேட்டீங்களே?"

நாச்சிமுத்து வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவ வரட்டுமுங்க டீச்சர். கேட்டுச் சொல்றேன்."